கேம் கியரை ‘ஃபுல் ரீகேப்’ செய்யக் கொடுத்து ஏமாந்த கதை: கொடுப்பதற்கு முன் படியுங்கள்

பழைய கேம் கன்சோலையோ கம்ப்யூட்டரையோ கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்று நேரம் சேமித்துவைக்கும் சின்னப் பாகம்) மாற்ற, அதாவது ‘ரீகேப்’ செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கையில் பிடித்து விளையாடும் என் சேகா கேம் கியரை அப்படி ஒருவரிடம் கொடுத்தேன். வேலை முடிந்து வந்தபோது அருமையாக ஓடியது. மூன்றாவது மாதம் திறந்து பார்த்தால், கொடுக்காமலே இருந்திருந்தால் சர்க்யூட் போர்டாவது முழுசாக இருந்திருக்குமே என்று வயிறு எரிந்தது.

நானும் அண்ணனும் சின்ன வயதில் முறை வைத்து விளையாடிய கருவி அது. ஆறு பென்சில் பேட்டரியையும் விழுங்கிவிட்டுச் சீக்கிரமே அணைந்துவிடும், அதற்காகவே எங்களுக்குள் சண்டை வரும். பல வருடம் கழித்து அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டபோது திரை வெளிறிப்போய், ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏதோ தெரிந்தது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, இயர்போனில் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல இருந்தது. கேம் கியருக்கு வழக்கமாக வரும் வியாதிதான் இது. 1990இல் வந்த கருவி. அந்தக் காலகட்டத்து எஸ்.எம்.டி. (போர்டின் மேற்பரப்பிலேயே ஈயம் வைத்து ஒட்டும் வகை) அலுமினியக் கெப்பாசிட்டர்கள் பலவற்றில் உள்ளிருக்கும் திரவம் அடியில் உள்ள ரப்பர் வழியாகக் கசிந்து போர்டில் இறங்கும். மேக்கின்டாஷ் எஸ்.இ/30, அமிகா 600, அமிகா 1200 போன்ற பழைய கம்ப்யூட்டர்கள் வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். ஆகவே மாற்றியே ஆக வேண்டும் என்று அந்த ஆள் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் மற்றதையும் நம்பிவிட்டேன்.

உள்ளே இருக்கும் மூன்று போர்டிலும் எல்லாக் கெப்பாசிட்டரும் புதிது, எல்லாமே 105 டிகிரி தாங்கும் தரமான சரக்கு, கசிவை முழுக்கக் கழுவித் தருவேன் என்றார். வேலை நடக்கும்போது படம் அனுப்பச் சொன்னேன். அதற்கெல்லாம் நேரமில்லை, ஓடுகிற வீடியோ அனுப்புகிறேன் என்றார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஓடுவது ஒரு அத்தாட்சியே இல்லை. உள்ளே எவ்வளவு குப்பையாக இருந்தாலும் புதுக் கெப்பாசிட்டர் போட்ட அன்றைக்குப் பெரும்பாலும் ஓடத்தான் செய்யும்.

பத்து வாரம் போல ஓடியது. அப்புறம் சத்தம் கரகரத்தது, திரையில் கோடுகள் விழுந்தன, ஒருநாள் ஆன் ஆகி இரண்டு நொடியில் தானாக அணைந்தது. அவரைக் கேட்டால், ஐ.சி. (சிப்) போயிருக்கும், பழைய பொருளுக்கு யாரும் கேரண்டி தர முடியாது என்றார். மறுபடி கேட்டேன், பதிலே இல்லை.

ரேடியோ வேலை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து திறந்தோம். மெயின் போர்டில் பழைய கசிவைத் துடைக்கவே இல்லை, பிசுபிசுப்பின் மேலேயே புதுக் கெப்பாசிட்டரை ஈயம் வைத்து ஒட்டியிருந்தார். நண்பர் சால்டரிங் அயர்னை வைத்ததும் அழுகிய மீன் நாற்றம் வந்தது. கசிந்த திரவம் சூடானால் வரும் நாற்றம் அது, கழுவியிருந்தால் வந்திருக்காது. அந்தத் திரவம் அப்படியே இருந்தால் செம்பை அரித்துக்கொண்டே போகும், ஒரு டிரேஸ் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) ஏற்கெனவே பச்சை பிடித்து அறுந்திருந்தது. பழையவற்றைப் பிடுங்கும்போது நான்கு இடத்தில் பேட் (கெப்பாசிட்டரை ஈயம் வைத்து ஒட்டும் செம்புத் திட்டு) போர்டிலிருந்து பெயர்ந்து வந்திருக்கிறது. அந்த இடங்களில் ஜம்பர் கம்பி கூட ஒழுங்காக இழுக்காமல், கெப்பாசிட்டர் காலை வளைத்து டிரேஸில் தொட்டும் தொடாமலும் வைத்து, மேலே சூடான பசையை ஊற்றி மூடியிருந்தார். அந்தப் பசையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. கை தவறிப் பேட் பெயர்வது யாருக்கும் நடக்கும், சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். மறைத்திருக்கிறார்.

பவர் போர்டு இன்னும் மோசம். அதிலுள்ள மூன்று கெப்பாசிட்டரில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார், மற்ற இரண்டும் பழையவை. மாற்றிய அந்த ஒன்றும் திரைக்குப் போகும் லைனில் இருப்பது. அந்த லைனில் 30 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அவர் போட்டிருந்ததோ 25 வோல்ட் கெப்பாசிட்டர். தலை உப்பிக் கிடந்தது. மைக்ரோஃபாரட் அளவு (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) சரியாக இருக்க வேண்டும், வோல்ட் அளவு கூடலாம், குறையவே கூடாது. இது இந்த வேலையில் முதல் நாளே கற்றுக்கொள்கிற விஷயம்.

கொடுப்பதாக இருந்தால், பழையவற்றைக் கழற்றிக் கழுவிய பிறகு, புதியது போடுவதற்கு முன்னால், வெறும் பேட்கள் தெரிகிற மாதிரி படம் கேளுங்கள். அந்த ஒரு படம் போதும், வேலையின் தரம் முழுக்கத் தெரிந்துவிடும். தர மறுத்தால் கொடுக்காதீர்கள். கழற்றிய பழையவற்றைத் திருப்பிக் கேட்டு எண்ணிப் பாருங்கள், நான் கேட்காததால்தான் பவர் போர்டு விஷயம் தெரியாமலே போனது. டான்டலம் என்ற வேறு வகைக் கெப்பாசிட்டர் போடுகிறேன் என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். அலுமினியத்தில் பட்டை மைனஸ் பக்கம், டான்டலத்தில் பட்டை பிளஸ் பக்கம், திருப்பிப் போட்டால் வெடித்துப் போர்டையே கருக்கிவிடலாம். இன்னொன்று, பழையது என்றாலே எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடமும் யோசித்துப் பேசுங்கள். முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கென இருக்கும் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும், பெரும்பாலான பதிப்புகளில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும், புதிதாக எதுவும் போட வேண்டியதே இல்லை.

நண்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். பசையைச் சுரண்டி, ஃப்ளக்ஸும் (ஈயம் நன்றாக உருகி ஓட உதவும் பொருள்) புது ஈயமும் வைத்துப் பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இரண்டு முறை கழுவி, பேட் போன நான்கு இடத்திலும் மெல்லிய கம்பி இழுத்து, ஒவ்வொரு இணைப்பையும் மல்டிமீட்டரில் பார்த்த பிறகுதான் புதியவற்றைப் போட்டார். சத்தம் முழுசாக வந்துவிட்டது. திரையின் ஓரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் இன்னும் இருக்கிறது, அது போகாது என்கிறார். கழற்றிய கெப்பாசிட்டர்களை ஒரு சின்னப் பையில் போட்டு கேம் கியரோடு சேர்த்துக் கொடுத்தார், நான் கேட்கவே இல்லை.