எம்ஜிபி-க்கு எந்த கியர்பாக்ஸ்: மாஸ்டாவா, ஃபோர்டா, பழைய ஓவர்டிரைவா?

என் எம்ஜிபி 1970-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஓவர்டிரைவ் (கியர் பெட்டியின் பின்னால் இருந்து என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் சாதனம்) இல்லாத நாலு கியர் பெட்டியோடுதான் வந்தது. அப்போதெல்லாம் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு பிளஸ் நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் போனால், மணிக்கு 110 கிலோமீட்டரில் என்ஜின் நிமிடத்துக்கு சுமார் 3800 சுற்றில் கத்திக்கொண்டே வரும். ஈப்போ தாண்டும்போது காது அடைத்துவிடும். ஒரு கியர் குறைகிறது என்பதை இந்தக் காரை வைத்திருக்கும் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள்.

அதைத் தீர்க்க மூன்று வழிகள். ஒன்று, அந்தக் காலத்திலேயே கூடுதல் விலைக்குக் கொடுத்த லேகாக் ஓவர்டிரைவ் பொருத்திய பெட்டியைத் தேடி மாட்டுவது. இரண்டு, ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து கியர் பெட்டி. மூன்று, மாஸ்டா எம்எக்ஸ்-5-இன் ஐந்து கியர் பெட்டி. 1967 முதல் 1973 வரை போர்க் வார்னர் ஆட்டோமேட்டிக்கும் எம்ஜிபியில் வந்தது. மூன்றே கியர், கடைசி கியர் என் நாலாவதைப் போலவே 1:1, அதனால் நெடுஞ்சாலைப் பிரச்சினை அப்படியே இருக்கும். அதை விட்டுவிடலாம்.

ஐந்தாவது கியர் எதில் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கியர் விகிதங்களை (எண் சிறிதானால் அதே வேகத்தில் என்ஜின் குறைவாகச் சுற்றும்) ஒரு தாளில் எழுதிப் பார்த்ததும் அந்தக் கேள்விக்கே வேலை இல்லாமல் போனது. என் வருடத்துக் காருக்கான ஓவர்டிரைவ் 0.82. ஃபோர்டின் ஐந்தாவது 0.82. மாஸ்டாவினுடையது 0.814. அதே பின் அச்சு இருக்கும்வரை, 110-இல் மூன்றுமே சுமார் 3100 சுற்றில்தான் வந்து நிற்கும். வித்தியாசம் மற்ற கியர்களில் இருக்கிறது.

முதல் கியரை எடுத்துக்கொள்வோம். எம்ஜிபியின் சொந்தப் பெட்டியில் அது 3.44. ஃபோர்டில் 3.65, மாஸ்டாவில் 3.136. மாலை ஆறு மணிக்கு கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக் நெரிசலில் நின்றால் இந்த எண்கள் காலில் தெரியும். ஃபோர்டு பெட்டி கிளட்சை முழுதாக விட்டு ஊர்ந்து போக விடும். ஆனால் அடுத்த கியர் 1.97, நடுவே பெரிய பள்ளம். வண்டி கொஞ்சம் நகர்ந்ததுமே இரண்டாவதுக்குப் போக வேண்டும், போனதும் என்ஜின் சட்டென்று சோர்ந்துவிடும். மாஸ்டாவில் கியர்கள் நெருக்கமாக, அழகாக அடுக்கியிருக்கின்றன. லீவரின் அசைவு குட்டையாக, கச்சிதமாக இருக்கும், ஒரு முறை ஓட்டியவர் மறக்கமாட்டார். ஆனால் அது குட்டையான (அதாவது விகித எண் பெரிய) பின் அச்சுக்குச் செய்த பெட்டி. எம்ஜிபியின் 3.9 அச்சோடு சேரும்போது முதல் கியர் நீளமாகிவிடுகிறது. 1800 சிசி என்ஜின் கீழ்ச் சுற்றில் நன்றாக இழுப்பதால் சமாளிக்கலாம். மேட்டில் நின்று கிளப்பும்போது மட்டும் கிளட்ச் கொஞ்சம் அதிகமாகத் தேயும்.

அடுத்து, மூன்றாவது கியர். எனக்கு முடிவு கிடைத்தது இங்கேதான். ஓவர்டிரைவ் கடைசி கியருக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். கடைசிக் காலத்து கார்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அது மூன்றாவதிலும் வேலை செய்யும். காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவை நோக்கி ஏறும்போது, 80-இல் மூன்றாவது கியர் என்றால் 3800 சுற்று, வீண் சத்தம். நான்காவதில் 2800, மேட்டுக்குப் போதாது. சுவிட்சைத் தட்டி மூன்றாவதில் ஓவர்டிரைவ் போட்டால் 3150. இந்த என்ஜினின் முழு இழுவை 3000-ஐ ஒட்டித்தான் வருகிறது. ஐந்து கியர் பெட்டிகள் இரண்டிலும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே இப்படி ஒரு படி கிடையாது.

பழுது பார்ப்பதிலும் அதற்கே என் ஓட்டு. ஓவர்டிரைவ் என்றாலே போமேன்கள் (மெக்கானிக்குகள்) கையை விரிக்கிறார்கள். உள்ளே நடப்பது எளிது: சொலினாய்டு என்ற மின்காந்தம் ஒரு வால்வை இயக்குகிறது, எண்ணெய் அழுத்தம் கூம்பு வடிவக் கிளட்சைத் தள்ளுகிறது, கிரக கியர்கள் வெளி அச்சை வேகமாகச் சுற்றவைக்கின்றன. பெரும்பாலும் படுப்பது மின்கம்பி, சுவிட்ச், அல்லது அடைத்த வடிகட்டி. பெட்டிக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான், என்ஜினில் ஊற்றும் அதே 20டபிள்யூ-50. கனமான கியர் ஆயிலை ஊற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்று குறைசொல்லக்கூடாது. செந்தூலில் என் காரைப் பார்க்கும் அண்ணன் முதலில் சோதனை விளக்கைத்தான் எடுப்பார். "பெட்டிய எறக்குறதுக்கு முன்னாடி கரண்டு வருதான்னு பாரு தம்பி" என்பார். அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, எம்ஜிபியில் பெட்டியை இறக்க என்ஜினையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

வாங்கும்போதுதான் ஜாக்கிரதை. வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் "புதுப்பித்தது" என்று நம்பி நான் வாங்கிய முதல் ஓவர்டிரைவ் பெட்டியில் இரண்டாவது கியரின் சிங்க்ரோ (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பாகம்) தேய்ந்திருந்தது. கப்பல் கூலியும் வரியும் போனது போனதுதான். மாஸ்டாவுக்கு அந்தக் கவலை குறைவு. பெட்டி பழுதானால், பாதியாக வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடைகளில் தேடிப் பார்க்க வழி உண்டு. சியரா பெட்டி இங்கே என் கண்ணில் அதிகம் பட்டதில்லை, இங்கிலாந்திலிருந்துதான் வரவேண்டும். எந்த ஐந்து கியர் பெட்டியானாலும் பெல் ஹவுசிங் (பெட்டியை என்ஜினோடு இணைக்கும் உறை), கிளட்ச் தட்டு, தாங்கி, நடு ஷாஃப்ட், மீட்டர் கேபிள் எல்லாம் மாறும். ஒரே கிட்டாக வாங்குங்கள், பட்டறையில் வெட்டி ஒட்டவேண்டாம். கழற்றிய பழைய பெட்டியையும் விற்றுவிடாதீர்கள்.

ஆக, 1967 கடைசிக்குப் பிறகு வந்த கார், முதல் கியரிலும் சிங்க்ரோ உண்டு என்றால், ஓவர்டிரைவ் போடுங்கள். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

அதற்கு முந்தைய கார் என்றால் பேச்சு வேறு. அந்தப் பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுதாக நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். நம் ஊர் நெரிசலில் அது தினமும் வேதனை. பிந்தைய பெட்டியை அதில் மாட்டவும் முடியாது, அந்தப் பெட்டிக்காகவே தரை டனலை (பெட்டி உட்காரும் மேடான பகுதியை) அகலமாக்கினார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் என் நண்பரின் கார் 1965. குறுகிய டனலுக்கு ஏற்ற மாஸ்டா கிட்டாகக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். பினாங்கு பாலத்தில் காலை நேரத்து ஊர்தலுக்கு நீளமான முதல் கியர் கொஞ்சம் கிளட்சைத் தின்னும். பரவாயில்லை, ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியர் போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.