செம்பவாங் கடற்படைத் தளத்தைச் சுற்றி ஒரு காலை: வழிகாட்டி நடைப்பயணம் குறித்த மதிப்புரை

சிங்கப்பூரின் வடகரையில், ஜோகூர் நீரிணையை ஒட்டிய செம்பவாங்கில் பிரிட்டிஷார் கட்டிய பழைய கடற்படைத் தளத்தைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி நடைப்பயணம் ஒன்றில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். மூன்று மணி நேரம் நடக்க வேண்டும். வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் தயங்காமல் போகலாம். ஆனால் நம்மவர்களுக்கு மிக நெருக்கமான ஒரு பகுதி இந்த நடையில் விடுபட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வழிகாட்டியின் பலம், ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எடுத்துச் சொல்லும் விதம்தான். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானுடனான கூட்டணி முடிவுக்கு வந்துவிட்டது. கிழக்கே பெரிய கப்பற்படை ஒன்றை நிரந்தரமாக நிறுத்திவைக்கப் பிரிட்டனிடம் பணமும் இல்லை. ஆகவே போர்க்கப்பல்கள் ஐரோப்பாவிலேயே இருக்க, ஆபத்து வரும்போது அவை இங்கே வந்து எண்ணெய் நிரப்பிப் பழுதுபார்த்துக்கொள்ள ஓரிடம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே இந்தத் தளம் என்று அவர் விளக்கியபோது, பள்ளியில் தேதிகளாக மட்டுமே படித்தது முதன்முறையாகப் புரிந்தது. 1924-இல் தொழிற்கட்சி அரசு வேலையை நிறுத்தியது, அடுத்து வந்த அரசு மீண்டும் தொடங்கியது. ஏறத்தாழ 6 கோடி பவுண்டு செலவுக்குப் பிறகு 1938 பிப்ரவரி 14 அன்று தளம் திறக்கப்பட்டது.

அன்று திறக்கப்பட்ட ஆறாம் ஜார்ஜ் மன்னர் உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டி) சுமார் 1,000 அடி நீளமுள்ளது. அது கப்பல் பட்டறை வளாகத்துக்குள் இருப்பதால் நம்மால் பார்க்க முடியாது. முன்பதிவு செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அந்தக் குறையை வழிகாட்டி ஓரளவு ஈடுசெய்தார். நிழலான இடத்தில் எங்களை உட்காரவைத்து, மடித்து வைத்திருந்த பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, கப்பல் உள்ளே நுழைந்ததும் வாயிலை அடைப்பது, நீரை இறைப்பது, கப்பலின் அடிப்பகுதி கட்டைகளின் மேல் மெல்ல அமர்வது என ஒவ்வொரு படியையும் விரலால் தொட்டுக் காட்டினார். 1928-இல் இங்கிலாந்திலிருந்து சூயஸ் வழியாக இழுத்துவரப்பட்ட, 50,000 டன் எடையைத் தூக்கக்கூடிய மிதவைத் துறையைப் பற்றியும் அதே பொறுமையுடன் சொன்னார்.

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலை மட்டுமே நோக்கியிருந்தன என்று நம் வீடுகளில்கூடச் சொல்வதுண்டு. அவற்றில் பல நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன என்றும், கையிருப்பில் இருந்தவை பெரும்பாலும் கப்பலின் கவசத்தைத் துளைப்பதற்கான குண்டுகள் என்பதால் காலாட்படைக்கு எதிராக அதிகம் பயன்படவில்லை என்றும் அவர் திருத்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1941 டிசம்பர் 2 அன்று இங்கு வந்து சேர்ந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ஆகிய இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் அம்மாதம் 10-ஆம் தேதியே குவாந்தான் கடலில் மூழ்கின. தளம் திறக்கப்பட்டு நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும் ஆன 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது.

போருக்குப் பிந்தைய காலத்துக்கு வந்தபோதுதான் நடை வேகமெடுத்துவிட்டது. அறுபதுகளில் பிரிட்டிஷ் தளங்களின் செலவு சிங்கப்பூரின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வெளியேறப்போவதாக 1968 ஜனவரியில் லண்டன் அறிவித்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு எரியுமா என்ற கவலை வந்திருக்கும்! அவ்வீடுகளில் மலையாளிகளுடையவை ஏராளம், தமிழர்களுடையவையும் பல. பட்டறை அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் இடமானது. இவை அனைத்தும் பத்தே நிமிடங்களில் முடிந்துவிட்டன.

எங்களுடன் வந்த பெரியவர் ஒருவரின் தந்தை தளத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டி வர்ணம் பூசியவராம். கேன்பரா சாலைப் பக்கம் கையை நீட்டி, "முருகன் கோயில் அங்கேதான் மரத்தடியில் இருந்தது, பங்குனி உத்திரத்துக்கு அப்பா காவடி எடுப்பார்" என்றார். தளத் தொழிலாளர்களின் பக்தியில் வளர்ந்து இன்று ஈசூனில் இருக்கும் ஹோலி ட்ரீ ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தைத்தான் அவர் சொன்னார். அக்கோயிலின் பெயர் நடையின் குறிப்புத்தாளில் இல்லை. அதிகாரிகள் வாழ்ந்த கறுப்பு-வெள்ளை பங்களாக்களுக்கு ஒதுக்கிய அரை மணி நேரத்தில் பாதியையாவது அந்தத் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கலாம் என்று நடத்துபவர்களிடம் நேரிலேயே கேட்டுக்கொண்டேன்; வழித்தடத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நடை செம்பவாங் பூங்காவின் படகுத்துறையில் முடிகிறது. தூண்டில் போட்டிருப்பவர்களுக்கு அப்பால் ஜோகூர் கரை தெரியும். வெயில் ஏறினால் அங்கே நிற்க முடியாது என்பதால் காலை நேர நடைக்கே பதிவு செய்யுங்கள்.