அம்மா டே கேர் போய் 2 வருஷம் ஆச்சு, டாய்லட்டைப் பத்தி மட்டும் சொல்லணும்

கீழ் மாடி அக்கா நேத்து லிஃப்ட்ல கேட்டாங்க, அவங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக், அடுத்த வாரம் வீட்டுக்கு வர்றாரு, உங்கம்மா போற டே கேர் எப்படின்னு. அஞ்சாவது மாடி வர்றதுக்குள்ள சொல்லி முடிக்க முடியல, அதான் எழுதுறேன்.

இங்க சிங்கப்பூர்ல முதியோர் பராமரிப்புக்கு ஏற்பாடு பண்ற ஏஐசிங்கிற அமைப்பு மூலமா கிடைச்ச இடம். வேன் புளோக்குக்குக் கீழேயே வரும், ஆளுங்க அன்பானவங்க, பிசியோ ஒழுங்கா நடக்குது, 2 வருஷத்துல அம்மா ஒரு தடவைகூட அங்க விழல. இதெல்லாம் உண்மை.

ஆனா அந்த டாய்லட்! தண்ணி ஹோஸ் கிடையாது, டிஷ்யூ மட்டும்தான். அம்மாவுக்கு 78 வயசு, பொறந்ததுலேருந்து தண்ணியில கழுவிப் பழகினவங்க, வெளிய சொல்லவும் கூச்சம், அதனால காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வச்சிருக்காங்க, போகவே வேணாம்னு தண்ணி குடிக்கிறதையும் குறைச்சுட்டாங்க. வேன் விட்டு இறங்குனதும் பாத்ரூமுக்கு ஓடுவாங்க, வயசானா அப்படித்தான்னு நானும் விட்டுட்டேன். மூணாவது மாசம் சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல், அஞ்சு நாள் வார்டுல. அங்க நர்ஸ் கேட்டப்பதான் அழுதுகிட்டே சொன்னாங்க.

சேக்கும்போது போட்ட ஃபாரத்த எடுத்துப் பார்த்தேன். குளிக்க, உடுத்த, சாப்பிட, டாய்லட் போக, நடக்க, கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாற. ஒருத்தரால தானா எவ்வளவு முடியும்னு பாக்க இங்க இந்த ஆறுதான் அளவு, ஆறுல மூணுக்கு ஆள் துணை வேணும்னாத்தான் எல்டர்ஷீல்டு, கேர்ஷீல்டு லைஃப்ங்கிற பராமரிப்பு இன்சூரன்ஸ் காசுகூட வரும். டாய்லட்டுக்கு நேரா 'தானே போவார்'னு டிக். நான் சொல்லித்தான் போட்டாங்க. போக முடியுமான்னு கேட்டாங்க, போய் என்ன பண்ணுவாங்கன்னு யாரும் கேக்கல, மகள் எனக்கே தோணலயே, அதுதான் இன்னும் ஆறல.

தேக்கா மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் சொம்பு வாங்கிக் குடுத்தேன். தரை ஈரமானா யாராவது வழுக்கிடுவாங்கன்னு எடுத்து வச்சிடறாங்க, அது நியாயம்தான், அப்ப ஹோஸ் போடுங்கன்னு கேட்டு ஏழு மாசம் ஆச்சு. போன வாரம் நாலாவது சொம்பும் காணோம்.

இன்னிக்கு கேட்டா அந்த இடம் வேணாம்னுதான் சொல்வேன் அக்கா. நாளைக்கு காலையில அம்மாவ அதே வேன்லதான் ஏத்தி விடுவேன், நான் வேலைக்குப் போகணும், வேற இடத்துல இந்தப் பிசியோ கிடைக்குமான்னு பயம்.

நீங்க எங்க பாக்கப் போனாலும் முதல்ல டாய்லட் கதவத் தொறந்து பாருங்க. அப்புறம் அப்பாவுக்கு எந்தக் கை விழுந்திருக்கு? இடது கைன்னா கழுவவே ஆள் வேணும், அவரு வெக்கப்பட்டு முடியும்னுதான் சொல்வாரு, ஃபாரம் போடுறப்ப பக்கத்துல இருந்து நீங்க சொல்லிடுங்க.