"டெஸ்ட் பண்ணியது, ஓடுகிறது" என்பதை நம்பி என்பிஏ ஸ்ட்ரீட் வாங்காதீர்கள்

சோனியின் பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) மெஷினுக்கான தெருக் கூடைப்பந்து வீடியோ ஆட்டம் என்பிஏ ஸ்ட்ரீட் வால்யூம் 2-வைப் பழைய டிஸ்க்காகத் தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2003-இல் வந்த ஆட்டம், புதிதாக அச்சாவது நின்று பல காலம். சந்தையில் சுற்றுவது எல்லாம் கைமாறிய பிரதிகள்தான். அந்த இடைவெளியில்தான் டூப்ளிகேட் நுழைகிறது.

ஒரு விற்பனையாளரின் விளம்பரம் இப்படி: "ஒரிஜினல், பெட்டி புத்தகத்தோடு, டெஸ்ட் பண்ணியது." கூடவே அரை நிமிட வீடியோ. மூன்றுக்கு மூன்று ஆட்டம் நடக்கிறது, வர்ணனை கேட்கிறது, கேம்பிரேக்கர் என்ற சிறப்பு ஷாட் விழுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்சலைப் பிரித்தால் உள்ளே இருந்தது, மேலே இன்க்ஜெட்டில் படம் அடித்த ரைட்டபிள் டிவிடி. சிப் போடாத மெஷினில் வைத்தால் சிவப்புத் திரை: பிளேஸ்டேஷன் டிஸ்க்கைப் போடுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான்.

வீடியோ பொய்யில்லை, அந்த டிஸ்க்தான் அதில் ஓடியது. ஆனால் ஓடியது சிப் போட்ட மெஷினில். சோனி தன் டிஸ்க்குகளை அச்சிடும்போது சேர்க்கும் அடையாளத்தை வீட்டு டிவிடி ரைட்டரால் எழுத முடியாது. சாதாரண பிஎஸ்2 அதைத் தேடும், கிடைக்காவிட்டால் மறுத்துவிடும். சிப் அந்தச் சோதனையை ஏமாற்றிவிடுகிறது. சிப் இல்லாமலும் ஒரு வழி உண்டு: மெமரி கார்டில் ஃப்ரீ எம்சிபூட் என்ற மென்பொருளைப் போட்டு, இஎஸ்ஆர் என்ற கருவியால் பேட்ச் செய்த (படம் பார்க்கும் டிவிடி போல மாற்றிய) டிஸ்க்கை ஓட்டுவது. அந்த வகை டிஸ்க் சாதாரண மெஷினில் சிவப்புத் திரை காட்டாது. அது படம் பார்க்கும் டிவிடி என்று மெஷின் நினைத்து, டிவிடி பிளேயருக்குப் போய் நின்றுவிடும். கணினியில் போட்டால் வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். ஆட்ட டிஸ்க்கில் அதற்கு வேலையே இல்லை. அது தெரிந்தாலே கதை முடிந்தது.

ஆகவே ஆட்டம் ஓடும் வீடியோவைக் கேட்காதீர்கள், டிஸ்க்கின் அடிப்பக்கத்தைக் கேளுங்கள். நடுவில் வெட்டாத ஒரே வீடியோவாக இருக்கட்டும்: பெட்டியிலிருந்து டிஸ்க்கை எடுத்து, திருப்பி, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, பிறகு மெஷினில் போட வேண்டும். அச்சடித்த பிஎஸ்2 டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். சிடியாக வந்த பிஎஸ்2 ஆட்டங்களுக்கு அது நீலம். ரைட் செய்த டிவிடியில் ஊதா கலந்த சாயம் தெரியும், எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் சேரும் இடத்தில் வட்டமாக ஒரு கோடு விழும். நடு ஓட்டையைச் சுற்றிய வளையத்தையும் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சடித்ததில் ஐஎஃப்பிஐ என்று தொடங்கும் பொடி எழுத்துகள் இருக்கும். ரைட்டபிளில் பெரும்பாலும் வெற்று டிஸ்க் கம்பெனியின் வரிசை எண்தான் இருக்கும். மேல்பக்கம் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் டிஸ்க்கை மெஷினில் போடவே போடாதீர்கள். எடை ஒரு பக்கம் சாய்ந்து அதிரும், ஓரம் பெயர்ந்தால் டிரைவுக்குள் சிக்கும்.

கையில் டிஸ்க் வந்த பிறகு உறுதி செய்ய, கணினி டிவிடி டிரைவில் போட்டு ஐஎஸ்ஓ (டிஸ்க்கின் முழு நகல் கோப்பு) எடுத்து, அதன் எம்டி5 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) ஆட்ட டிஸ்க்குகளின் பட்டியலான ரீடம்ப் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால் தகவல் முழுசாக இருக்கிறது என்று அர்த்தம், டிஸ்க் ஒரிஜினல் என்று அர்த்தமில்லை. நல்ல பிரதியிலிருந்து ரைட் செய்ததும் அதே மதிப்பைத்தான் தரும். மென்பொருள் காட்டும் புக் டைப்பையும் (டிஸ்க் எந்த வகை என்ற குறிப்பு) முழுசாக நம்ப வேண்டாம், ரைட்டபிள் வகையான டிவிடி பிளஸ் ஆர் டிஸ்க்கில் அதை அச்சடித்த வகையான டிவிடி ரோம் என்று மாற்றி எழுத முடியும். கடைசியில் கண்தான் சாட்சி.

டிஸ்க்கைத் திருப்பி அனுப்பக் கேட்டதும் விற்றவரிடமிருந்து வந்த பதில் எல்லோருக்கும் பழகிய பதில்: "உங்க லென்ஸ் வீக் சார்." இதற்கு இடம் கொடுக்காமல் இருக்க வேறொரு ஒரிஜினல் ஆட்டத்தை அதே மெஷினில் ஓட்டி வீடியோ எடுத்து வையுங்கள். அது வெள்ளி அடிப்பக்க டிஸ்க்காக இருக்க வேண்டும். பிஎஸ்2-வில் சிடிக்கும் டிவிடிக்கும் தனித்தனி லேசர். ஒன்று போய் மற்றது ஓடிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம். நீல டிஸ்க் ஓடுவதைக் காட்டினால் விற்றவர் அதையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்.

இன்னொரு ஏமாற்று, ஒரிஜினல்தான், ஆனால் பாலிஷ் போட்டுத் தேய்த்தது. டிவிடி என்பது தலா 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தகடு ஒட்டியது, தகவல் நடுவில் இருக்கிறது. அதனால் அடிப்பக்கக் கீறலை மேலோட்டமாகத் தேய்த்து எடுக்கலாம், தப்பில்லை. அளவுக்கு மீறித் தேய்த்தால் பரப்பு மேடுபள்ளமாகி லேசர் குவியாது. வெளிச்சத்தில் சாய்த்தால் மங்கலான வட்ட வட்டத் தேய்மானம் தெரியும். இப்படிப்பட்ட டிஸ்க் மெனு வரை அழகாக வரும். ஆட்டத்தின் நடுவே ஓடிக்கொண்டே படிக்கப்படும் பாட்டும் வர்ணனையும்தான் முதலில் திக்கும், அடுத்து மைதானம் லோட் ஆகும் இடத்தில் நிற்கும். பத்து விநாடி வீடியோவில் இதெல்லாம் சிக்காது. 21 புள்ளி ஆட்டம் ஒன்றை முழுசாக முடித்து, இன்னொரு மைதானத்துக்கு மாறி, சேவ் செய்து காட்டச் சொல்லுங்கள். கூடவே கார்டும் தருகிறேன் என்றால், சோனியின் சொந்த மெமரி கார்டு 8 எம்பிதான். 64 எம்பி என்று வருவது வெளிக்கம்பெனி சரக்கு, அதில் சேவ் அழியும் புகார் ஏராளம்.

ரீஜன் (டிஸ்க் எந்த நாட்டு மெஷினுக்கானது) விஷயத்தில் ஏமாற்று பாதி, அலட்சியம் பாதி. இந்தியாவில் முறைப்படி விற்ற பிஎஸ்2 எல்லாம் பால் (PAL) எனப்படும் ஐரோப்பிய வகை. அமெரிக்க டிஸ்க் ஒரிஜினலாகவே இருந்தாலும் சிப் இல்லாமல் அதில் ஓடாது. எஸ்எல்யுஎஸ் என்று எண் தொடங்கினால் அமெரிக்கா, எஸ்எல்இஎஸ் என்றால் ஐரோப்பா. இந்த எண்ணைப் பெட்டியின் முதுகில் பார்த்தால் போதாது, டிஸ்க்கின் மேல் பாருங்கள். ஒரு நாட்டுப் பெட்டியில் வேறு நாட்டு டிஸ்க்கைப் போட்டு "முழு செட்" என்று விற்பது நடக்கிறது.

நின்டெண்டோவின் கேம்கியூபுக்கான என்பிஏ ஸ்ட்ரீட் வி3 (2005) வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்டெண்டோவின் கதாபாத்திரங்களான மாரியோ, லூயிஜி, பீச் மூவரும் அந்தப் பதிப்பில் மட்டும்தான் ஆடுவார்கள். பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ் பிரதியை அந்த மூவர் பெயரைச் சொல்லி விற்றால் நேராகப் பொய். டிஸ்க் 8 சென்டிமீட்டர். உள்வளையத்தில் பார்கோடு போன்ற கோடுகள் வெட்டப்பட்டிருக்கும், ரைட் செய்த மினி டிவிடியில் அவை இருக்காது. பெரும்பாலான கணினி டிரைவுகள் இந்த டிஸ்க்கைப் படிக்கமாட்டா. நின்டெண்டோவின் வீ கன்சோலில் கிளீன்ரிப் என்ற மென்பொருள் வழியாகச் சோதிக்கலாம்.

பணத்தைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். "கமிஷன் மிச்சம், யுபிஐ-யில் போட்டுவிடுங்கள், நூறு ரூபாய் குறைத்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து டிஸ்க்கின் அடிப்பக்கம் வரை ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். புகாரில் "ஓடவில்லை" என்று எழுதினால் லென்ஸ் கதை மறுபடி தொடங்கும். "ஒரிஜினல் என்று சொல்லி ரைட் செய்த டிவிடி அனுப்பப்பட்டது" என்று எழுதி, ஊதா அடிப்பக்கப் படத்தையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டை வாங்கும் அன்றே எடுத்து வைத்துவிடுங்கள், புகார் போன மறுநிமிடம் விளம்பரம் காணாமல் போகும்.