தோல் அளக்கும் மெஷினும் பைத்தானும்: சிடைப்ஸா, சிஎஃப்எஃப்ஐயா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பதனிட்ட தோல் சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. தோலின் ஓரம் நேராக இருக்காது என்பதால், சென்சார் வரிசைக்கு அடியில் ஓடவிட்டுப் பரப்பைக் கணக்கிடும் மெஷின்களை வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு மெஷினோடு, சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த லைப்ரரி ஒன்றும், அதன் ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் உள்ள ஒரு ஹெடர் ஃபைலும் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். பில்லும் ஸ்டாக் கணக்கும் பைத்தானில் ஓடுகின்றன. இரண்டையும் எதை வைத்து இணைப்பது?

முதலில் எல்லோரும் கை வைப்பது, சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து கூப்பிட உதவும் சிடைப்ஸில் (ctypes). 2006-இல் வந்த பைத்தான் 2.5 முதல் கூடவே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், சி கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வேண்டாம். லைப்ரரியின் பெயரைக் கொடுத்து ஏற்றினால் ஃபங்ஷனை உடனே கூப்பிடலாம். இந்த வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஃபங்ஷன் என்ன திருப்பித் தரும் என்று நாம் சொல்லாவிட்டால், சிடைப்ஸ் அதை முழு எண் என்றே எடுத்துக்கொள்ளும். பரப்பளவோ டபுள், அதாவது தசம எண். 64 பிட் இன்டெல் வகைச் செயலியில் டபுள் ஒரு ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) திரும்பி வரும், முழு எண் வேறொன்றில். 5.75 சதுர அடி என்று லைப்ரரி சரியாகவே சொல்லியிருக்கும். பைத்தானுக்கு வருவது சம்பந்தமே இல்லாத ஓர் எண். பிழைச் செய்தி எதுவும் வராது. உள்ளே தசம எண்ணை அனுப்பும்போது வகை சொல்லாவிட்டால் சிடைப்ஸ் உடனே மறுத்துவிடும். திரும்பி வருவதில் மட்டும் இந்த மௌனம். பாயிண்டர், அதாவது நினைவக முகவரி, திரும்பி வந்தால் இன்னும் மோசம். மேல்பாதி வெட்டப்பட்டு 32 பிட் மட்டும் மிஞ்சும். முகவரி சிறியதாக இருந்தால் ஓடிவிடும், இல்லையென்றால் புரோகிராம் விழும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் கைமாறும் இடத்தில் எனக்கு இந்த மௌனம் பிடிக்கவில்லை. அதனால்தான் இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான சிஎஃப்எஃப்ஐ (CFFI) பக்கம் சாய்கிறேன். பைத்தானின் இன்னொரு வடிவமான பைபை (PyPy) திட்டத்தில் இருந்தவர்கள் எழுதியது. இதிலும் இரண்டு வழி உண்டு. ஏபிஐ (API) வழியில் ஹெடரில் உள்ள அறிவிப்பை அப்படியே ஒட்டினால், அதற்கான இணைப்பை சி கம்பைலரே கட்டித் தருகிறது. மற்றது பைனரி (ABI) வழி, அது கம்பைலர் இல்லாமல் சிடைப்ஸ் போலவே நம் சொல்லை நம்பும். அதற்காக இங்கே வர வேண்டியதில்லை.

பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்ட் விஷயத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். தோலின் தரத்துக்கு ஒரு எழுத்து, அடுத்து பரப்புக்கு ஒரு டபுள். பொதுவாகக் கம்பைலர் நடுவே 7 பைட் காலி விட்டு, மொத்தம் 16 ஆக்கும். லைப்ரரியை நெருக்கிக் கட்டியிருந்தால் 9 தான். சிடைப்ஸில் அதை நாமே கவனித்து எழுத வேண்டும். தவறினால் பரப்பு இருக்கும் இடத்தை விட்டு வேறு இடத்தைப் படிக்கும். சிஎஃப்எஃப்ஐயின் ஏபிஐ வழியில் ஸ்ட்ரக்ட் அறிவிப்பின் முடிவில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் மீதி அமைப்பைக் கம்பைலர் ஹெடரைப் பார்த்து நிரப்பிக்கொள்ளும். புள்ளி வைக்காமல் முழுதாக எழுதினால், அளவு பொருந்தாதபோது பிழை சொல்லும். புது ஹெடர் வந்தால் மறுபடி கம்பைல் செய்ய மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு தோலும் கடந்ததும் லைப்ரரி நம் ஃபங்ஷனைத் திரும்பக் கூப்பிடும் ஏற்பாடு இருந்தால் இன்னொரு சிக்கல். சிடைப்ஸில், இப்படித் திரும்பக் கூப்பிடப்படும் அந்தக் கால்பேக் பொருளை ஒரு மாறியில் பிடித்து வைத்திருக்க வேண்டும். விட்டால் பைத்தான் அதைத் துடைத்துவிடும். அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாமே நின்றுபோகும். சிஎஃப்எஃப்ஐயின் ஏபிஐ வழியில் கால்பேக்கை நிலையான சி ஃபங்ஷனாகவே அறிவிக்கலாம், இந்தக் கவலை இல்லை.

வேகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். ஒரு கூப்பிடுதலுக்கு சிடைப்ஸ் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பது உண்மைதான். ஆனால் ஒரு தோல் மெஷினைக் கடக்கும் நேரத்துக்கு முன் அது ஒன்றுமே இல்லை. சென்சார் தரும் ஒவ்வொரு வரியையும் நாமே லூப் போட்டுக் கணக்கிடுவதானால் சரி, பைத்தான் போன்ற கோடை சி ஆக மாற்றிக் கம்பைல் செய்யும் சைத்தன் (Cython) எடுக்கலாம். அதற்குத் தனி மொழியையே கற்க வேண்டும். லைப்ரரி சி பிளஸ் பிளஸில் இருந்தால், அதைப் பைத்தானோடு இணைக்கவே உள்ள பைபைண்ட்11 (pybind11) தவிர வேறு யோசனை வேண்டாம். கிளாஸ்களையும், சி பிளஸ் பிளஸ் கம்பைலர் உருமாற்றிவிடும் ஃபங்ஷன் பெயர்களையும் சிடைப்ஸில் துரத்துவது வீண்.

சிஎஃப்எஃப்ஐக்கு ஒரு குறை உண்டு: டேனரி கம்ப்யூட்டரில் கம்பைலர் இருக்காது. காட்பாடியிலோ வேலூரிலோ உள்ள உங்கள் மெஷினில், அதே இயங்குதளத்துக்காகக் கட்டி, வீல் ஃபைலாக (முன்பே கட்டி முடித்த பைத்தான் தொகுப்பு) கொண்டுபோய் நிறுவுங்கள். அதுவும் முடியாத இடத்தில் சிடைப்ஸ்தான். அப்போது எல்லா ஃபங்ஷனின் உள்வகையையும் வெளிவகையையும் ஒரே ஃபைலில் எழுதி, ஹெடரைப் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபாருங்கள். அளவு முன்பே தெரிந்த ஒரு செவ்வக அட்டையை மெஷினில் ஓடவிட்டு, பைத்தானில் அதே எண் வருகிறதா என்று பார்த்த பிறகே பில்லோடு இணையுங்கள்.