மண்ணடி ரசாயனக் கடை: பெராக்சைடை நம்பி வாங்கலாம்

எங்கள் ஆய்வகத்தில் காட்மியம் துத்தநாக டெலுரைடு படிகத்தில் கதிர்வீச்சு உணர்விகள் செய்கிறோம். புரோமின்-மெத்தனால் கரைசலில் அரித்தபின் மேற்பரப்பில் டெலுரியம் மிகுந்து, அதன் வழியே மின்கசிவு ஏறும். அம்மோனியம் ஃபுளூரைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த நீரில் முக்கினால் ஆக்சைடு படலம் படிந்து கசிவு அடங்கும். முன்பு வேறொரு கடையில் வாங்கிய பெராக்சைடு வீரியம் போனது. ஒரு வார உழைப்பு வீணானது.

மண்ணடிச் சந்துக் கடையில் பெரியவர் வெயில் படாத உள்ளறையிலிருந்து 30 சதவீதப் புட்டியை எடுத்து, தயாரிப்புத் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். காற்று வெளியேறும் மூடி. "ஃபுளூரைடு கண்ணாடியைத் தின்றுவிடும் அம்மா" என்று அம்மோனியம் ஃபுளூரைடைப் பிளாஸ்டிக் புட்டியிலேயே தந்தார். இந்தக் கவனத்துக்காகவே மறுபடி போவேன். ரசீதில் தயாரிப்புத் தொகுதி (batch) எண்ணை மட்டும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், மாலையில் சந்தை லாரிகள் அடைத்துவிடும்.