நான்கு ஜிபி எல்லையும் என் ஹார்டு டிஸ்க்கும்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இரவு முழுவதும் நடக்கும் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடகத்தை வீடியோ எடுத்துச் சேமித்து வருகிறேன். அந்தச் சேமிப்புக்காக 2012-இல் கும்பகோணத்தில் 500 ஜிபி வெளிப்புற ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கினேன். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் அது ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தது என்பதை மறு ஆண்டுதான் அறிந்தேன்.

அப்போதைய என் கேமரா நொடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும்; ஏறத்தாழ 24 நிமிடத்தில் ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கிவிடும். ஒரு பாத்திரம் மேடைக்கு வரும்போது பாடப்படும் பிரவேச தரு இப்படி இரண்டு துண்டாகிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. துண்டுகளை இணைத்து, இரண்டரை மணி நேர நாடகத்தை ஏறக்குறைய இருபத்தேழு ஜிபி அளவுள்ள ஒரே கோப்பாக்கி டிஸ்க்கில் சேமிக்க முயன்றேன். முந்நூறு ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுத்துவிட்டது. கடையில் காட்டியபோது டிஸ்க் பழுதாகிவிட்டது என்றார்கள். அது தவறான பதில். ஃபேட்32 ஒவ்வொரு கோப்பின் அளவையும் 32 பிட்டுகளில் குறித்துவைப்பதால், எந்தக் கோப்பும் 4,294,967,295 பைட்டை, அதாவது நான்கு ஜிபியைத் தாண்ட முடியாது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி இருந்தாலும் இந்த எல்லை மாறாது. கேமரா பதிவைத் துண்டாக்கியதற்கும் இதுவே காரணம்.

விண்டோஸில் உள்ள கன்வர்ட் கட்டளை, கோப்புகளை அழிக்காமலேயே ஃபேட்32 டிஸ்க்கை, விண்டோஸின் புதிய கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் ஆக்கித் தருகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பின்னரே அதை இயக்கினேன். நகல் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்று எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். டிஸ்க்கின் பெயரைக் கேட்கும்போது சரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மாற்றத்துக்குச் சிறிது காலியிடமும் தேவை. இது ஒருவழிப் பாதை. மீண்டும் ஃபேட்32-க்குத் திரும்ப வேண்டுமானால் முழுவதும் அழித்து ஃபார்மேட் செய்தாக வேண்டும்; எக்ஸ்ஃபேட் என்ற மற்றொரு கோப்பு முறைக்கு மாற்றவும் இந்தக் கட்டளை உதவாது.

மாற்றியபின் அந்த இருபத்தேழு ஜிபி கோப்பு தடையின்றிப் பதிவானது. ஆனால் திருவையாற்றில் தங்கை வீட்டுத் தொலைக்காட்சி டிஸ்க்கை அடையாளம் காணவில்லை. நண்பரின் மேக் கணினியில் படிக்க முடிந்ததே தவிர எழுத முடியவில்லை. ஆகவே ஊருக்கு எடுத்துச் செல்ல இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கி எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தேன். 2006-இல் வந்த இந்த முறைக்கு நான்கு ஜிபி எல்லை கிடையாது; மேக்கிலும் எழுதலாம்.

என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மின்வெட்டுதான் எனக்குப் புரியவைத்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின் எங்கள் பக்கத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. நகலெடுக்கும்போது இரண்டு முறை கணினி அணைந்தும், என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு மட்டுமே பாதியில் நின்றது. கோப்பமைப்பில் செய்யும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் அதில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. அடுத்த ஆண்டு எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் எழுதும்போது இதேபோல் மின்சாரம் நின்றது; ஒரு கோப்புறை முழுவதும் திறக்க மறுத்தது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் கட்டளையான செக்டிஸ்க் மீட்டுத் தந்தவை பெயரிழந்து, வெறும் எண்களோடு வந்தன. ஒவ்வொன்றாக ஓடவிட்டு, மிருதங்கக்காரரின் முகத்தையும் மேடைத் திரையின் நிறத்தையும் பார்த்து ஆண்டைக் கண்டுபிடித்து மறுபடி பெயரிட எனக்குப் பதினோரு நாட்கள் ஆயின; இரண்டு கோப்புகள் ஓடவே இல்லை. நல்லவேளையாக அவற்றின் மூலப்பதிவு என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் இருந்தது.

இப்போது மூலப்பதிவு என்டிஎஃப்எஸ் டிஸ்க்கிலும், பிறருக்குக் கொடுப்பதற்கான நகல் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கிலும் இருக்கின்றன. மேசைக்கடியில் யுபிஎஸ் ஒன்றும் வைத்திருக்கிறேன். என் புதிய கேமராவின் 64 ஜிபி கார்டும் எக்ஸ்ஃபேட்தான். பிரவேச தருக்கள் அதில் துண்டாகாமல் பதிவாகின்றன.